மந்திர வாளின் கணக்கு

முதல் நிலையில் இருக்கும் நான்கு பாத்திரங்கள் ஒரு பாழடைந்த கோட்டைக்குள் நுழைகின்றன. உள்ளே கோப்ளின்கள் என்ற குட்டி அரக்கர்கள் நால்வர் பதுங்கியிருக்கலாம். அல்லது ஓகர் என்ற பெரிய அரக்கன் ஒருவன் மட்டும் நிற்கலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2014-ஆம் ஆண்டு விதிநூலை வைத்துக் கூட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே முத்திரைதான் கிடைக்கிறது: ‘மரண ஆபத்து’. முதல் நிலைப் பாத்திரம் ஒன்றுக்கு 100 புள்ளி என்பது அந்த முத்திரைக்கான எல்லை, நால்வருக்கு 400. கோப்ளின் ஒன்றுக்கு 50 அனுபவப் புள்ளி வீதம் நான்குக்கு 200. கூட்டமாக வருவதால் அதை இரண்டால் பெருக்கச் சொல்கிறது விதி, ஆக 400. ஓகர் தனியாகவே 450. தாளில் ஏறக்குறைய சமமாக வரும் இந்த இரண்டு மோதல்களும் ஆடிப் பார்க்கும்போது முற்றிலும் வேறு வேறாக நடந்துகொள்கின்றன. அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது, பாத்திரங்களில் ஒருவர் கையில் ஒரு மந்திர வாள் வந்து சேர்ந்தால் அது எவ்வளவு மாறுகிறது என்ற கேள்விக்குள் நிகழ்தகவு, போர்க்கணிதம், அளவியல் என்று பல துறைகள் வந்து கலக்கின்றன. விளையாட்டுதானே என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு அது செறிவான கேள்வி.

இந்த விளையாட்டு அறிமுகமில்லாதவர்களுக்குச் சில வரிகள். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974-ல் வெளியிட்டது இது. ஒருவர் டன்ஜன் மாஸ்டராக இருந்து உலகத்தையும் எதிரிகளையும் விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். அது பலித்ததா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். பகடையில் விழும் எண்ணோடு தாக்குபவரின் திறனைக் கூட்டி வருவது எதிராளியின் கவச எண்ணைத் தொட்டால் அடி விழும், விழுந்தால் உயிர்ப்புள்ளிகள் குறையும். இதன் மூதாதை 1824-ல் பிரஷ்யப் படையில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி அறிமுகப்படுத்திய போர்ப்பயிற்சி ஆட்டம். அங்கும் நடுவர் உண்டு, பகடை உண்டு, இழப்புக் கணக்கு உண்டு. ஆனால் போர்ப்பயிற்சியில் ஒரு தரப்பு தோற்றால் அது பாடம். கதையாடும் விளையாட்டில் நால்வரும் முதல் மாலையிலேயே செத்துப்போனால் கதையே நின்றுவிடும். அதனால்தான் எதிரியின் கடுமையை முன்கூட்டியே அளக்கும் கருவி இதற்குத் தேவைப்பட்டது.

அந்தக் கருவி உடனே வந்துவிடவில்லை. தொடக்க காலப் பதிப்புகளில் நிலவறையின் ஆழமே அளவுகோல்: எத்தனை தளம் கீழே இறங்குகிறீர்களோ அத்தனை கொடிய உயிர்கள். 2000-ல் ஜொனாதன் ட்வீட், மான்ட்டி குக், ஸ்கிப் வில்லியம்ஸ் வடிவமைத்த மூன்றாம் பதிப்பில்தான் ஒவ்வோர் எதிரிக்கும் ‘சவால் எண்’ ஒட்டப்பட்டது. ஐந்தாம் நிலையில் இருக்கும் நால்வர் சவால் எண் 5 உள்ள எதிரியோடு மோதினால் அவர்களுடைய உயிர்ப்புள்ளி, மந்திரம், மருந்து ஆகிய வளங்களில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கரையும் என்பது அதன் பொருள். ஆக, அந்த எண் எதிரியைப் பற்றி மட்டும் பேசவில்லை. நான்கு பேர், இன்ன நிலை, களைப்பில்லாத உடல், வழக்கமான படைக்கலம் என்ற ஒரு நிபந்தனைத் தொகுப்போடு சேர்த்து அளந்த எண் அது. கடுமை என்பது எதிரியின் உடம்பில் இல்லை, இரு தரப்புக்கும் இடையில் இருக்கிறது. நிபந்தனை மாறினால் எண்ணும் மாறியாக வேண்டும். மந்திரப் பொருள்கள் அந்த நிபந்தனையைத்தான் மாற்றுகின்றன. அவற்றைக் கணக்குக்கு வெளியே வைத்துவிட்டு மோதலின் கடுமையை அளக்கப் பார்ப்பது 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகளின் அடிப்படைக் குறை. இதுவே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் கோப்ளினும் ஓகரும். முதல் நிலை மந்திரவாதி ஒருவருக்கு 8 உயிர்ப்புள்ளி, கவச எண் 12 என்று கொள்வோம். ஓகர் தன் கதாயுதத்தை வீசும்போது பகடையோடு 6 கூட்டிக்கொள்ளும்; பகடையில் 6 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி, அதாவது 75 விழுக்காடு. அடி விழுந்தால் சேதம் இரண்டு எட்டுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகையோடு 4. சராசரி 13. மந்திரவாதி தரையில் விழ 8 போதும். 64 சேர்க்கைகளில் 61 அதைக் கொடுத்துவிடும். அதைவிட முக்கியமானது இன்னொரு விதி: சுழியத்துக்குக் கீழே போகும் சேதம் முழு உயிர்ப்புள்ளி அளவை எட்டினால் பாத்திரம் மயங்குவதில்லை, அந்த இடத்திலேயே சாகிறது. இங்கே அதற்கு 16 வேண்டும். இரண்டு பகடைகளிலும் சேர்த்து 12 அல்லது மேல் விழும் சேர்க்கைகள் 15, அதாவது 23 விழுக்காடு. கோப்ளினின் கத்தி ஆறுமுகப் பகடையோடு 2, அதிகபட்சம் 8. பகடையில் 20 விழுந்து இரட்டை அடி பட்டாலும் 14-ஐத் தாண்டாது. எந்தக் கோப்ளினாலும் ஒரே வீச்சில் அந்த மந்திரவாதியைக் கொல்ல முடியாது. நான்கு கோப்ளின்கள் சேர்ந்து முதல் சுற்றில் கொடுக்கக்கூடிய சராசரிச் சேதம் சுமார் 14, ஓகருடையது பத்துக்கும் சற்றுக் குறைவு. சராசரியில் கோப்ளின் கூட்டமே மேல். ஆனால் சிதறலில் ஓகர் பல மடங்கு கொடியது. ஒற்றை எண்ணால் சராசரியைத்தான் சொல்ல முடியும். பாத்திரம் சாவது பெரும்பாலும் சராசரியால் அல்ல, ஓரத்தில் விழும் பகடையால்.

கூட்டமாக வந்தால் இரண்டால் பெருக்கு என்று சொன்னேனே, அந்தப் பெருக்கத்துக்குப் பின்னால் ஒரு நல்ல கணிதம் இருக்கிறது. பிரிட்டிஷ் பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1916-ல் வெளியிட்ட வான்போர் பற்றிய நூலில், தொலைவிலிருந்து சுட்டுக்கொள்ளும் இரு படைகளில் படைப்பலம் ஆள் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது என்று காட்டினார். ஆள் இரட்டித்தால் பலம் நான்கு மடங்கு. இதை விளையாட்டு மேசையில் இன்னும் எளிதாகச் சரிபார்க்கலாம். குழு ஒரு சுற்றுக்கு ஓர் எதிரியை வீழ்த்துகிறது, உயிரோடிருக்கும் ஒவ்வோர் எதிரியும் சுற்றுக்கு ஓர் அடி கொடுக்கிறது, எதிரிகள் முந்திக்கொள்கிறார்கள் என்று வைப்போம். ஒருவன் மட்டும் இருந்தால் மொத்தம் ஓர் அடி. இருவர் என்றால் முதல் சுற்றில் இரண்டு, அடுத்ததில் ஒன்று, ஆக மூன்று. மூவர் என்றால் ஆறு. நால்வர் என்றால் பத்து. எட்டுப் பேர் என்றால் முப்பத்தாறு. 2014 விதிநூலின் பெருக்கெண்களை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவருக்கு ஒன்றரை மடங்கு, அதாவது மூன்று. மூவருக்கு இரண்டு மடங்கு, அதாவது ஆறு. அச்சு அசலாகப் பொருந்துகிறது. அதற்கு மேல் விதிநூல் பின்வாங்குகிறது: நால்வருக்கு எட்டு, எட்டுப் பேருக்கு இருபது. எண்ணிக்கை ஏற ஏற உண்மைக் கணக்கை விடக் குறைவாகவே மதிப்பிடுகிறது.

பின்வாங்கியதற்கு நியாயமும் உண்டு. குறுகலான வாசலில் எட்டுக் கோப்ளின்கள் ஒரே நேரத்தில் கைநீட்ட முடியாது. ஐந்தாம் நிலையை எட்டிய மந்திரவாதிக்கு நெருப்புக் கோளம் என்ற மந்திரம் கிடைத்துவிடுகிறது. இருபதடி ஆரத்துக்குள் எட்டு ஆறுமுகப் பகடை அளவுக்குச் சேதம், சராசரி 28. விலகித் தப்பினாலும் பாதி, 14. கோப்ளினுக்கு இருப்பதோ 7 உயிர்ப்புள்ளி. பன்னிரண்டு கோப்ளின்கள் நெருங்கி நின்றால் பெரும்பாலும் பன்னிரண்டும் ஒரே மூச்சில் சாம்பல். வர்க்க விதி வேலை செய்வதற்கு எதிரிகள் ஒவ்வொருவராக வீழ வேண்டும் என்ற நிபந்தனை அங்கே உடைந்துபோகிறது. 2024-ல் வந்த திருத்தப் பதிப்பு இந்தப் பெருக்கெண்ணையே எடுத்துவிட்டது. கணக்கை எளிமையாக்கியதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் நெருப்புக் கோளம் இல்லாத முதல் நிலைக் குழுவுக்கு அந்தப் பெருக்கெண் ஓர் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை இழந்தது எனக்கு நல்ல மாற்றமாகப் படவில்லை.

இவ்வளவும் மந்திரப் பொருள் எதுவும் கையில் இல்லாதபோது. இப்போது ஒரு +1 வாளை எடுத்துக்கொள்வோம், மந்திரப் பொருள்களிலேயே மிகச் சாதாரணமானது. அடிப்பதற்கான பகடையில் ஒன்று கூடும், சேதத்தில் ஒன்று கூடும். இருபது முகப் பகடையில் ஒன்று என்பது 5 விழுக்காடு. எனவே பலம் 5 விழுக்காடு கூடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். போட்டுப் பார்ப்போம். ஒரு போர்வீரர் 65 விழுக்காடு வாய்ப்பில் அடிக்கிறார், அடித்தால் சராசரிச் சேதம் 8.5. இரண்டையும் பெருக்கினால் ஒரு வீச்சுக்கு 5.5 சொச்சம். +1 வாள் வந்ததும் 70 விழுக்காடு, 9.5 சேதம்; பெருக்கினால் 6.65. கூடியது ஐந்து விழுக்காடு அல்ல, இருபது. காரணம், வாய்ப்பும் சேதமும் ஒன்றையொன்று பெருக்குகின்றன, கூட்டிக்கொள்வதில்லை. அடியின் வேகம் இருபது விழுக்காடு கூடினால் எதிரி முன்னதாகவே வீழ்வான். முன்னதாக வீழ்ந்தால் அவன் கொடுக்கும் அடியும் குறையும். லான்செஸ்டரின் கணக்குக்குள் இந்த வாளும் நுழைந்துவிடுகிறது.

கவசத்தின் பக்கம் இது இன்னும் விசித்திரமாகிறது. பாதுகாப்பு மேலங்கி, பாதுகாப்பு மோதிரம் என்று இரண்டு பொருள்கள் உண்டு, ஒவ்வொன்றும் கவச எண்ணில் ஒன்று கூட்டும், இரண்டையும் சேர்த்தே அணியலாம். மந்திரவாதி அணிந்தால் 12 என்பது 14 ஆகும். கோப்ளின் அடிக்கும் வாய்ப்பு 65-லிருந்து 55-ஆகக் குறையும். வாங்கும் அடி ஏறக்குறைய 15 விழுக்காடு மிச்சம். அதே இரண்டையும் முழு இரும்புக் கவசமும் கேடயமும் பூண்டு கவச எண் 20-ல் நிற்கும் போர்வீரர் அணிந்தால் 25 விழுக்காடு என்பது 15 ஆகும். அதாவது வாங்கும் அடியில் 40 விழுக்காடு குறைந்துவிட்டது. அதே பொருள், அதே எண், அதே எதிரி. அணிந்தவர் மாறியதும் பயன் இரண்டரை மடங்கு மாறுகிறது. இன்னும் ஒவ்வொன்றாகக் கூட்டிப் போனால், 20-லிருந்து 21-க்குப் போகும் முதல் படி வாங்கும் அடியில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கிறது, அடுத்த படி நான்கில் ஒன்றை, அதற்கடுத்தது மூன்றில் ஒன்றை, அதற்கும் அடுத்தது சரிபாதியை. 24-ஐ எட்டியபின் அடுத்த படி எதையும் குறைப்பதில்லை, ஏனென்றால் பகடையில் 20 விழுந்தால் எப்போதும் அடிதான். ஏறிக்கொண்டே போய் ஒரே இடத்தில் சட்டென்று நின்றுவிடும் இந்தக் கோட்டை எந்த ஒற்றை எண்ணும் பிடிக்காது.

மூன்றாம் பதிப்பை எழுதியவர்களுக்கு இந்த ஏறுமுகம் தெரிந்திருந்தது என்பதற்கு அவர்கள் வைத்த விலையே சான்று. மந்திர ஆயுதத்தின் விலை அதன் கூட்டெண்ணின் வர்க்கத்தை 2,000 பொற்காசால் பெருக்கி வருவது: +1-க்கு 2,000, +2-க்கு 8,000, +3-க்கு 18,000. இன்னும் ஒரு படி மேலே போய், எந்த நிலையில் ஒரு பாத்திரத்திடம் எவ்வளவு சொத்து இருக்க வேண்டும் என்றும் அட்டவணை போட்டார்கள். ஐந்தாம் நிலையில் 9,000 பொற்காசு மதிப்பு, பத்தில் 49,000, இருபதில் 7,60,000. சவால் எண்ணின் நிபந்தனைக்குள் மந்திரப் பொருளும் அடங்கியிருந்தது. 2008-ல் வந்த நான்காம் பதிப்பும் அதே பாதையில் போனது. எதிரிகளின் எண்கள் ஏறும்போது பாத்திரங்களிடம் மந்திர வாளும் கவசமும் சேர்ந்துகொண்டே வரும் என்று கணக்குப் போட்டு வைத்தது. இதில் ஆட்டக்காரர்களுக்கு ஓர் உறுத்தல் இருந்தது. புதையலாகக் கிடைக்கும் வாள் பரிசாகத் தோன்றாமல், தராவிட்டால் தோற்றுவிடுவோம் என்ற கட்டாயமாகத் தோன்றியது. 2009-ல் வந்த துணைநூல், வாளே இல்லாமல் அந்தக் கூட்டெண்ணைப் பாத்திரத்துக்கு நேராகக் கொடுத்துவிடும் மாற்று விதியைச் சேர்த்தது.

2014-ன் ஐந்தாம் பதிப்பு இந்த உறுத்தலை ஒரே வெட்டாக அறுக்க நினைத்தது. இருபது நிலைகளில் பாத்திரத்தின் தேர்ச்சிக் கூட்டெண் +2-லிருந்து +6 வரை மட்டுமே ஏறும். எண்களை இப்படி ஒரு வேலிக்குள் அடக்கிவிட்டதால் மந்திரப் பொருள் இல்லாமலே கடைசி வரை ஆடலாம். கிடைத்தால் அது உண்மையான உபரி. 2017-ல் வந்த துணைநூல் இதை வெளிப்படையாகவே சொன்னது: பாத்திரங்களும் எதிரிகளும் மந்திரப் பொருள் உதவியின்றி மோதுமாறு வடிவமைக்கப்பட்டவர்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் வேலி குறுகலாக இருப்பதால்தான் ஒவ்வொரு கூட்டெண்ணும் கனம் கூடியதாகிறது. நாற்பது வரை ஏறும் அளவுகோலில் ஒன்று என்பது தூசு. இருபதைச் சுற்றியே நிற்கும் அளவுகோலில் ஒன்று என்பது மேலே பார்த்த அந்த ஐந்தில் ஒரு பங்கு.

அதோடு, விதிநூல் தன் சொல்லுக்குத் தானே முழுதாகக் கட்டுப்படவும் இல்லை. புதிய எதிரிகளை உருவாக்குவதற்கு 2014 நூலில் ஓர் அட்டவணை உண்டு. சாதாரண ஆயுதங்களின் அடியைப் பாதியாகக் குறைக்கும் தடுப்பு உள்ள எதிரிக்கு உயிர்ப்புள்ளியை எத்தனை மடங்காகக் கருத வேண்டும் என்பதற்கானது அது. சவால் எண் 1 முதல் 4 வரை இரண்டு மடங்கு, 5 முதல் 10 வரை ஒன்றரை, 11 முதல் 16 வரை ஒன்றேகால், 17-க்கு மேல் ஒரே மடங்கு. உயர்ந்த நிலையில் அந்தத் தடுப்புக்கு மதிப்பே இல்லை என்று அட்டவணை சொல்கிறது. அந்த நிலைக்கு வந்த குழுவிடம் மந்திர ஆயுதங்களும் மந்திரங்களும் தாராளமாக இருக்கும் என்று கருதினால் ஒழிய இப்படி எழுத முடியாது. ஒரு பக்கத்தில் மந்திரப் பொருள் கணக்கிலேயே இல்லை என்கிறார்கள், இன்னொரு பக்கத்தில் அதைக் கணக்கில் சேர்த்துத்தான் எண் போடுகிறார்கள். இதன் விளைவை 2014 பதிப்பின் ஓநாய் மனிதனிடம் பார்க்கலாம். சவால் எண் 3, உயிர்ப்புள்ளி 58, மந்திரமோ வெள்ளியோ இல்லாத ஆயுதத்தின் அடி அதன்மேல் படவே படாது. வெள்ளி பூசிய கத்தி ஒன்றுகூட இல்லாத குழுவில் இரு போர்வீரர்கள் வெறுங்கையோடு நிற்பதற்குச் சமம். ஒரு +1 வாள் இருந்தால் அது ஒரு சாதாரண மூர்க்க விலங்கு. இரண்டுக்கும் நடுவில் எண் மட்டும் 3 ஆகவே இருக்கிறது.

எண்ணைக் கூட்டும் பொருள்களோடு பிரச்சினை முடிவதில்லை. புதிய ஆற்றல் தரும் பொருள்கள்தான் கணக்கை அடியோடு புரட்டுகின்றன. 2014 நூலில் சிறகுக் காலணி என்று ஒன்று உண்டு. அணிந்தவர் நாளுக்கு நான்கு மணி நேரம் வரை நடக்கும் வேகத்தில் பறக்கலாம். அரிதான தன்மை வரிசையில் அது +1 வாள் இருக்கும் அதே படியில் இருக்கிறது, விலையும் அதே 101 முதல் 500 பொற்காசு. இப்போது ஒரு வில்லாளி அதை அணிந்துகொண்டு திறந்த வெளியில் டைரனோசரஸை எதிர்கொள்கிறார். அந்த விலங்கின் சவால் எண் 8, உயிர்ப்புள்ளி 136, கடித்தால் எலும்பு மிஞ்சாது. ஆனால் வாயும் வாலும் எட்டும் தூரம் பத்தடி, எறிய எதுவும் இல்லை. அறுபதடி உயரத்தில் மிதக்கும் வில்லாளிக்கு அந்த மோதலில் ஆபத்து சுழியம், அம்புகள் தீராதவரை. அதே காலணியைப் பன்னிரண்டடி உயரக் குகைக்குள் அணிந்தால் அதற்குப் பயனே இல்லை. ஓகரிடமோ எறிவேல் இருக்கிறது, ஆகவே பறந்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. பொருளின் மதிப்பு எதிரியைப் பொறுத்தும் இடத்தைப் பொறுத்தும் சுழியத்திலிருந்து முடிவிலி வரை ஓடுகிறது. இப்படிப்பட்ட ஒன்றையும் +1 வாளையும் ஒரே படியில் வைத்த வகைப்பாடு டன்ஜன் மாஸ்டருக்குத் தவறான தகவலைத் தருகிறது. ஒரு பாத்திரம் ஒரே நேரத்தில் மூன்று பொருள்களோடு மட்டுமே மந்திரப் பிணைப்பு வைத்துக்கொள்ளலாம் என்ற விதி நல்ல தடைதான். அது எத்தனை பொருள்கள் என்பதைக் கட்டுப்படுத்துகிறது, எந்தப் பொருள் என்பதை அல்ல.

இன்னோர் அளவுகோலோடு ஒப்பிடலாம். சதுரங்கத்தில் அர்பாத் எலோ வகுத்த தரவரிசை முறையை 1970-ல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டது. ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவுக்கும் ஏற்ப அந்த எண் ஏறி இறங்கித் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். சவால் எண்ணுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அச்சிட்ட நாளில் போட்ட மதிப்பீடு அடுத்த பதிப்பு வரை அப்படியே நிற்கிறது. தன்னைத் திருத்திக்கொள்ள முடியாத அளவுகோல் தன் நிபந்தனைகளையாவது வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகமில்லை.

இதற்கு எதிராக மூன்று வாதங்கள் வரும், மூன்றுமே மதிக்கத்தக்கவை. முதலாவது, இது கதை சொல்லும் விளையாட்டு. நல்ல டன்ஜன் மாஸ்டர் நிலைமை பார்த்து மாற்றிக்கொள்வார், அட்டவணை எதற்கு? பழைய பாணி ஆட்டத்தை விரும்புகிறவர்கள் இன்னும் கறாராகச் சொல்வார்கள்: உலகம் ஆட்டக்காரர்களின் நிலைக்கேற்ப அளந்து வைக்கப்பட்டதல்ல, வெல்ல முடியாதவனைக் கண்டால் ஓடத் தெரிய வேண்டும். அந்தப் பாணியின் நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் ஓடுவதா நிற்பதா என்று முடிவெடுக்கவும் தகவல் வேண்டும். எதிரியின் கடுமை டன்ஜன் மாஸ்டருக்கே தெரியாவிட்டால் அவர் ஆட்டக்காரர்களுக்கு என்ன அறிகுறி காட்டுவார்? நிலைமை பார்த்து மாற்றிக்கொள்வதும் ஒரு கணக்குதான். அனுபவம் மிக்கவர் அதை மனத்துக்குள் போடுகிறார், புதிதாக ஆட்டம் நடத்த வருபவரால் முடியாது. விதிநூல் எழுதப்படுவது அந்தப் புதியவருக்காகத்தான்.

இரண்டாவது வாதம், மந்திரப் பொருள்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, அத்தனையையும் எண்ணாக்க முடியாது. ஆகவே கணக்குக்கு வெளியே விட்டதே சரி. எல்லாவற்றையும் எண்ணாக்க முடியாது என்பது உண்மை. அதற்காக எண்ணாக்கக் கூடியதையும் விட்டுவிட வேண்டியதில்லை. கூட்டெண் தரும் பொருள்களின் விளைவைப் பள்ளிக்கூடப் பெருக்கலால் கண்டுபிடித்துவிடலாம் என்பதை மேலே பார்த்தோம். எண்ணாகாத பொருள்களுக்கு, இது எந்த வகை எதிரியைச் செயலிழக்கச் செய்யும் என்று ஒரு வரி எழுதினாலே போதும். சிறகுக் காலணிக்குக் கீழே ‘எறியவோ எய்யவோ பறக்கவோ தெரியாத எதிரிகளின் சவால் எண் திறந்த வெளியில் பொருந்தாது’ என்று ஒரு வரி. அச்சிட இடம் இல்லாமல் போயிருக்காது.

மூன்றாவது வாதம்தான் கூர்மையானது. மந்திரப் பொருளைக் கணக்கில் சேர்த்து எதிரிகளையும் அதற்கேற்பக் கடுமையாக்கினால், வாள் கிடைத்தும் பயனில்லை. குழு வலுவாகும்போது எதிரியும் வலுவானால் பரிசு பொய்யாகிவிடும். நான்காம் பதிப்பு அந்தச் சுழலில்தான் மாட்டிக்கொண்டது. பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டின் 2019-ல் வந்த இரண்டாம் பதிப்பு அந்த விலையை அறிந்தே கொடுத்தது. அதில் பாத்திரத்தின் நிலை எண்ணே அது பயிற்சி பெற்ற திறன்கள் அனைத்தோடும் கூடுகிறது. எதிரியின் நிலை குழுவின் நிலைக்குச் சமமானால் 40 புள்ளி, இரண்டு படி மேல் என்றால் 80, நான்கு படி மேல் என்றால் 160. நான்கு பேருக்கு 80 என்பது நடுத்தர மோதல், 160 என்றால் குழு அழியக்கூடிய அளவு. ஆயுதத்தில் பொறிக்கும் மந்திர எழுத்துகள் எந்த நிலையில் கிடைக்கும் என்பதும் அந்தக் கணக்கின் பகுதி. என் பார்வையில் மோதலின் கடுமையை அளப்பதில் அது ஐந்தாம் பதிப்பைவிட நம்பகமான கருவி. ஆனால் மந்திர வாள் அங்கே பரிசு என்ற மினுக்கத்தை இழந்து சம்பளம் போலாகிறது. அதற்காகவே அடுத்த ஆண்டு அந்த எண்களைத் தானாகச் சேர்த்துவிடும் மாற்று விதியும் வந்தது. எதிரணியின் கவலை நியாயமானது என்று ஏற்கத்தான் வேண்டும். இருந்தும் அளப்பதும் பதிலடி கொடுப்பதும் ஒரே செயல் அல்ல. குழுவின் பலம் இருபது விழுக்காடு கூடியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அடுத்த மூன்று மோதல்களை வேண்டுமென்றே பழைய கடுமையிலேயே விடலாம். அப்போது ஆட்டக்காரர்கள் தங்கள் வாளின் வலிமையை உணர்வார்கள், டன்ஜன் மாஸ்டரும் இது எளிதாக முடியும் என்று அறிந்தே நடத்துவார். அறியாமல் எளிதாகிவிட்டால் அடுத்த தடவை பதற்றத்தில் எதிரிகளைக் கண்மூடித்தனமாக ஏற்றுவார், அங்கேதான் குழுக்கள் அழிகின்றன.

நடைமுறையில் இதற்குத் தேவைப்படுவது இரண்டு வகுத்தல்கள். எதிரிகளின் மொத்த உயிர்ப்புள்ளியைக் குழு ஒரு சுற்றில் கொடுக்கும் சராசரிச் சேதத்தால் வகுத்தால் எதிரிகள் எத்தனை சுற்று தாங்குவார்கள் என்று தெரியும். குழுவின் மொத்த உயிர்ப்புள்ளியை எதிரிகளின் சராசரிச் சேதத்தால் வகுத்தால் குழு எத்தனை சுற்று தாங்கும் என்று தெரியும். ஓகரிடம் 59 உயிர்ப்புள்ளி. முதல் நிலைப் பாத்திரம் ஒன்று 75 விழுக்காடு வாய்ப்பில் 7.5 சேதம் கொடுத்தால் நால்வரும் சேர்ந்து சுற்றுக்கு 22.5. மூன்றாம் சுற்றில் ஓகர் வீழும், அதற்குள் சுமார் 29 உயிர்ப்புள்ளி கரைத்திருக்கும். நால்வரிடமும் சேர்த்து 40 இருக்கிறது என்றால் குழு வெல்லும், ஓரிருவர் தரையில் கிடப்பார்கள். ஒரு மந்திரப் பொருளைக் கொடுப்பதற்கு முன் இதே இரண்டு வகுத்தல்களைப் பொருளோடும் பொருளில்லாமலும் போட வேண்டும். விடை சற்று நகர்ந்தால் அது எண் கூட்டும் பொருள், கவலையில்லை. வில்லாளியும் டைரனோசரஸும் போல எதிரியின் சேதம் சுழியமாகி இரண்டாம் வகுத்தலே நடக்காமல் போனால், அந்தப் பொருள் எதிரியின் சவால் எண்ணையே செல்லாததாக்கிவிட்டது என்று பொருள். அப்போது எதிரியை மாற்ற வேண்டியதில்லை. இடத்தை மாற்றலாம், அடர்ந்த காட்டையோ தாழ்ந்த கூரையையோ கொண்டுவரலாம், அல்லது அந்த வெற்றியை ஆட்டக்காரர்களுக்கே விட்டுவிடலாம்.

2025 தொடக்கத்தில் வந்த புதிய அரக்கர் நூல், மந்திரமற்ற ஆயுதங்களுக்கு எதிரான அந்தப் பழைய தடுப்பை ஓநாய் மனிதன் உள்ளிட்ட எதிரிகளிடமிருந்து நீக்கிவிட்டது. முரண்பாட்டின் ஒரு பாதி அதனால் தீர்ந்தது. மறு பாதி இன்னும் அப்படியே இருக்கிறது: மோதலின் கடுமையைக் கணக்கிடும் பக்கத்தில் எத்தனை பாத்திரங்கள், எந்த நிலை என்ற இரண்டு கேள்விகள்தான் கேட்கப்படுகின்றன. அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்ற மூன்றாவது கேள்வியை, புதிதாக ஆட்டம் நடத்தத் தொடங்கும் நீங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த ஆட்டத்துக்கு முன் ஒரு தாளில் நால்வரின் பொருள்களையும் எழுதி, அந்த இரண்டு வகுத்தல்களையும் போட்டுப் பாருங்கள்.